பேட்டரி மாற்றுவதற்கு முன்பு

மின்சார ஸ்கூட்டர்கள் நம் இல்லங்களுக்குள் வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. கடைக்குப் போகும் வாப்பாவும், கல்லூரிக்குப் போகும் மகளும், பிள்ளைகளை மக்தபில் கொண்டு விடும் உம்மாவும் இன்று அவற்றையே நம்பியிருக்கின்றனர். பெட்ரோல் விலைக்கு அஞ்சி முதலில் வாங்கப்பட்ட வண்டிகள் இப்போது முதுமையடையத் தொடங்கியுள்ளன. வண்டி என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. சக்கரம் சுழல்கிறது, விளக்கு எரிகிறது, வண்ணமும் மங்கவில்லை. ஆனால் ஒரு முறை மின்னேற்றினால் எண்பது கிலோமீட்டர் ஓடிய வண்டி, இன்று முப்பதைத் தாண்ட மறுக்கிறது. பேட்டரி மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். விலையைக் கேட்டதும் வீடு அமைதியாகிவிடுகிறது.

மின்சார வண்டியின் விலையில் பெரும் பங்கு பேட்டரியினுடையது. எனவே மாற்றுப் பேட்டரி என்பது டயர் மாற்றுவது போன்ற சிறு செலவன்று. ஏறத்தாழ வண்டியின் ஒரு பகுதியையே மீண்டும் வாங்குவதாகும். இந்தத் தயக்கத்தின் நடுவில்தான், "கம்பெனி பேட்டரி எதற்கு பாய்? பழைய பெட்டிக்குள்ளேயே புது செல் வைத்துப் பாதி விலைக்குக் கட்டித் தருகிறேன்" என்ற குரல் ஒலிக்கிறது. சிலர் பழைய வண்டியிலிருந்து கழற்றிய பேட்டரியைக் கொண்டு வந்து காட்டுகின்றனர். ஈயப் பேட்டரி வண்டியை லித்தியத்திற்கு மாற்றித் தருவதாகச் சிலர் கூறுகின்றனர். இவற்றுள் எது பாதுகாப்பானது, எது ஆபத்தானது என்பதைப் பொருத்துவதற்கு முன்பே எவ்வாறு கண்டறிவது? இதனை எழுதுபவன் பொறியாளன் அல்லன்; கலைப் பட்டம் பெற்று மதரசாவில் பாடம் சொல்பவன். எனினும் இது பொறியாளர்களுக்கு மட்டும் உரிய வினா அன்று. பேட்டரி மின்னேறுவது நம் வராந்தாவில். அதன் அருகே உறங்குவோர் நம் குழந்தைகள்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

லித்தியம் அயனிப் பேட்டரி என்பது ஒரே பொருள் அன்று. சிறிய செல்கள் பல சேர்ந்த ஒரு கூட்டம். விற்பனைக்கான முதல் லித்தியம் அயனி செல்லை 1991-ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் வெளியிட்டது. இந்தத் தொழில்நுட்பத்திற்கு அடித்தளமிட்ட ஜான் குடெனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஸ்கூட்டர் பேட்டரிகள் பலவற்றில் பயன்படும் உருளை வடிவ செல் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. ஏறத்தாழ நம் விரலளவுதான். ஓர் எடுத்துக்காட்டுக்குக் கணக்கிடுவோம். பன்னிரண்டு செல்களைப் பக்க இணைப்பாகச் சேர்த்து ஒரு குழுவாக்கி, அத்தகைய பதினாறு குழுக்களைத் தொடராக இணைத்தால் மொத்தம் 192 செல்கள். ஒவ்வொன்றும் 2.5 ஆம்பியர் மணி கொள்ளுமெனில் 30 ஆம்பியர் மணி. மின்னழுத்தம் ஏறத்தாழ 58 வோல்ட். அதாவது 1.7 யூனிட் மின்சாரம். 75 வாட் மின்விசிறி ஒன்றை ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் சுழற்றப் போதுமான ஆற்றல் அந்தச் சிறு பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறது.

அந்த ஆற்றல் மெல்ல வெளிவந்தால் வண்டி ஓடும். ஒரே கணத்தில் வெளிவந்தால் தீ. ஒரு செல்லின் உள்ளே நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையில் காகிதத்தைவிட மெல்லிய நெகிழிப் படலம் ஒன்று திரையாக நிற்கிறது. செல் சூடேறி ஏறத்தாழ 80, 90 டிகிரியைக் கடக்கும்போது உள்ளே வேதிச் சிதைவு தொடங்குகிறது. அச்சிதைவே மேலும் சூட்டைத் தருகிறது. 130 டிகிரி அளவில் திரைப்படலம் உருகத் தொடங்கும். பின்னர் இரு முனைகளும் உள்ளேயே தொட்டுக்கொள்கின்றன. ஒரு செல்லின் வெப்பம் அடுத்த செல்லைச் சுடுகிறது. அது மற்றொன்றைச் சுடுகிறது. வெப்பம் வெப்பத்தை வளர்க்கும் இந்தத் தொடர் நிகழ்ச்சியே பேட்டரித் தீயின் அடிப்படை. அப்போது வெளியேறும் புகையில் ஹைட்ரஜனும், கார்பன் மோனாக்சைடும், ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்னும் நச்சு வாயுவும் கலந்திருக்கின்றன. தீயைவிடப் புகையே பலரைக் கொல்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் செல்களுக்கெல்லாம் காவலாளியாக ஒரு மின்னணுப் பலகை பெட்டிக்குள் இருக்கிறது. பி.எம்.எஸ் என்று மெக்கானிக்குகள் அதனைக் குறிப்பிடுவர். அளவுக்கு மேல் மின்னேறினாலும், அளவுக்குக் கீழே வடிந்தாலும், சூடு மிகுந்தாலும், மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் போனாலும் அது இணைப்பைத் துண்டித்துவிடும். மலிவான பேட்டரியில் முதலில் சிக்கனம் செய்யப்படுவது இந்தக் காவலாளியிடம்தான் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ளுதல் நலம்.

2022-ஆம் ஆண்டு

அந்த ஆண்டின் மார்ச் இறுதியில் வேலூரில் வீட்டில் மின்னேற்றப்பட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பற்றியது. தந்தையும் பள்ளி செல்லும் வயதுடைய மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தனர். தீ எங்கே தொடங்கிற்று என்பதில் மாறுபட்ட கருத்துகள் கூறப்பட்டன. அடுத்த மாதம் தெலுங்கானாவின் நிஜாமாபாத்தில், வண்டியிலிருந்து கழற்றி வீட்டுக்குள் வைத்து மின்னேற்றிய பேட்டரி வெடித்து முதியவர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஏப்ரலில் விஜயவாடாவிலும் வீட்டுக்குள் மின்னேறிக்கொண்டிருந்த பேட்டரி வெடித்து ஒருவர் இறந்தார். செப்டம்பர் 12 அன்று செகந்திராபாத்தில் மின்சார ஸ்கூட்டர் விற்பனை நிலையத்தில் பற்றிய தீயின் புகை மேல் தளங்களில் இருந்த விடுதியை நிறைத்தது, எண்மர் மாண்டனர்.

இந்நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை இரவில் நடந்தன என்பதும், உறங்கும் வீட்டுக்குள் நடந்தன என்பதும் கவனத்திற்குரியவை. உறங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை எரியவிட வேண்டாம் என்ற நபி (ஸல்) அவர்களின் அறிவுரையை நம் மக்தப் பிள்ளைகளும் அறிவர். மின்னேறும் பேட்டரி எரியும் விளக்கன்று. ஆயினும் அந்த அறிவுரை இங்கும் பொருந்துவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இத்தகைய தீவிபத்துகளின் காரணமாக ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. அதன் பரிந்துரைகளின்படி இருசக்கர, முச்சக்கர வண்டிகளின் பேட்டரிகளுக்குரிய ஏ.ஐ.எஸ் 156 என்னும் தர விதி திருத்தப்பட்டு, 2022 டிசம்பர் 1 முதல் ஒரு பகுதியும், 2023 மார்ச் 31 முதல் மறு பகுதியும் நடைமுறைக்கு வந்தன. கார், பேருந்து போன்றவற்றுக்கு ஏ.ஐ.எஸ் 038 என்னும் விதி உண்டு.

சோதனைக்கூடத்தில் பேட்டரி படும் பாடு

புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ, ஹரியானாவின் மானேசரிலுள்ள ஐகேட், நம் சென்னையை அடுத்த ஒரகடத்திலுள்ள ஜி.ஏ.ஆர்.சி முதலியவை வண்டிகளைச் சோதித்துச் சான்றளிக்க அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களாகும். அங்கே ஒரு பேட்டரி என்னென்ன துன்பங்களுக்கு ஆளாக்கப்படுகிறது என்பதை அறிந்தால், சான்றிதழின் மதிப்பு விளங்கும்.

60 டிகிரி வெப்பத்தில் ஆறு மணி நேரம். உடனே நீர் உறையும் நிலைக்கும் கீழே மைனஸ் 40 டிகிரியில் ஆறு மணி நேரம். இவ்வாறு ஐந்து சுற்றுகள். அதிர்வு மேசையில் வைத்துக் குலுக்குகின்றனர். வண்டியிலிருந்து கழற்றக்கூடிய பேட்டரியெனில் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தளத்தின் மீது வெவ்வேறு பக்கமாக ஆறு முறை போடுகின்றனர். மாடிப்படியில் தூக்கிச் செல்லும்போது கை நழுவுவது நம் வீடுகளில் நடக்கக்கூடியதே. இரு முனைகளையும் வேண்டுமென்றே குறுக்கிணைக்கின்றனர். அளவுக்கு மீறி மின்னேற்றுகின்றனர். அளவுக்கு மீறி வடிக்கின்றனர். திருத்தப்பட்ட விதி, நீர்புகாமைக்கு ஐ.பி.எக்ஸ்.7 என்னும் தரத்தைக் கோருகிறது. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கியும் உள்ளே கெடுதி தரும் அளவுக்கு நீர் புகாதிருத்தலே அதன் பொருள். சென்னையிலும் கடலூரிலும் கார்த்திகை மழையைக் கண்டவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே ஒரு செல்லை வேண்டுமென்றே கெடச் செய்து, அந்தத் தீமை மற்ற செல்களுக்குப் பரவிப் பேட்டரி தீப்பற்றுகிறதா, வெடிக்கிறதா என்று பார்க்கின்றனர். ஒரு செல் கெடலாம். குடும்பம் முழுவதும் அழியக்கூடாது என்பதே இச்சோதனையின் நோக்கம்.

மேலும், செல்களுக்கிடையே போதிய இடைவெளி, உள்ளே உருவாகும் வாயு வெளியேற வழி, வெப்பத்தை அறியக் குறைந்தது நான்கு உணர்விகள், ஆபத்து தொடங்கும்போதே ஒலியாலும் ஒளியாலும் எச்சரிக்கும் ஏற்பாடு ஆகியவற்றையும் திருத்தம் கோருகிறது. செல் எந்த மாதம், எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இச்சோதனைகளில் பல, சோதிக்கப்படும் பேட்டரியை அழித்துவிடுபவை. ஆகவே நம் கையில் கிடைக்கும் பேட்டரி அந்தச் சோதனையைத் தாண்டியதன்று. அதனையொத்த வேறொரு பேட்டரி தாண்டியது. அதே வடிவமைப்பு, அதே செல், அதே காவல் பலகை, அதே பெட்டி என்றால்தான் அந்தச் சான்று நம் பேட்டரிக்கும் செல்லும். பின்கட்டில் அமர்ந்து கட்டித் தரப்படும் பேட்டரி இவற்றில் எதையும் கண்டதில்லை. எந்த மெக்கானிக்கும், எவ்வளவு திறமையாளராயினும், தம் கடையில் இச்சோதனைகளைச் செய்துவிட முடியாது. கடைச் சோதனை என்பது சோதனைக்கூடச் சான்றுக்குப் பின் வருவது, அதற்கு ஈடாவதன்று.

கடையில் என்ன பார்க்கலாம்?

அப்படியாயின் கடையில் சோதிப்பதால் பயனில்லையோ எனில், மிகுந்த பயன் உண்டு. சான்று பெற்ற பேட்டரியும் லாரியில் வரும்போது அடிபடலாம். கிடங்கில் ஓராண்டு கிடந்து வடிந்து போயிருக்கலாம். உங்கள் வண்டிக்கு உரியதாகவே இல்லாமலும் இருக்கலாம். எங்கள் பகுதியில் மின்சார வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஒருவர், புதிய பேட்டரி வந்ததும் அதனைப் பொருத்த அவசரப்படுவதில்லை. முதலில் வெளிச்சத்தில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். திருகாணிகளின் தலை தேய்ந்திருக்கிறதா, முத்திரை கிழிந்திருக்கிறதா, பெட்டி ஓரிடத்திலேனும் உப்பியிருக்கிறதா, இணைப்பு முனையில் பச்சை படிந்திருக்கிறதா என்று நோக்குகிறார். மூடியருகே முகர்ந்தும் பார்க்கிறார். நெயில் பாலிஷ் போன்ற இனிய நெடி வந்தால் செல்லின் உள்திரவம் கசிகிறது என்று பொருளாம். எடைக்கல்லிலும் வைக்கிறார்! நிறுவனம் அறிவித்த எடையைவிடக் குறைந்தால் செல்கள் குறைவு என்கிறார். இதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. நீங்களும் அருகில் நின்று பார்க்கலாம்.

அடுத்து, பெயர்ப்பட்டியைப் படிக்க வேண்டும். வோல்ட், ஆம்பியர் மணி, செல்லின் வேதியியல் வகை, வரிசை எண், தயாரித்த மாதம் ஆகியவை அதில் இருக்கும். அவற்றை வண்டியின் கையேட்டுடனும் சார்ஜருடனும் ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீட்டைப் பெரும்பாலோர் செய்வதில்லை. "48 வோல்ட் வண்டி, 48 வோல்ட் பேட்டரி, சரிதானே?" என்று கேட்கின்றனர். சரியன்று. 48 வோல்ட் என்பது ஒரு பெயர் மட்டுமே. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை செல்கள் பதின்மூன்று தொடராக இருப்பின், முழுமையாக மின்னேறிய நிலையில் செல்லுக்கு 4.2 வீதம் 54.6 வோல்ட் இருக்கும். இரும்பு பாஸ்பேட் வகை செல்கள் பதினாறு தொடராக இருப்பின், செல்லுக்கு 3.65 வீதம் 58.4 வோல்ட். இந்த இரண்டாவது பேட்டரியின் சார்ஜரை முதல் பேட்டரியில் செருகினால் ஒவ்வொரு செல்லும் 4.49 வோல்ட்டை நோக்கித் தள்ளப்படும். 4.2-ஐத் தாண்டக்கூடாத செல்லுக்கு அது கேடு. காவல் பலகை துண்டித்துவிடும் என்பது உண்மையே. ஆனால் கடைசிக் காவலாளியை நாள்தோறும் போருக்கு அனுப்பினால் என்றேனும் ஒரு நாள் அவன் விழுவான். ஈயப் பேட்டரி வண்டியை லித்தியத்திற்கு மாற்றுவோர் பழைய சார்ஜரையே வைத்துக்கொள்வது இதே காரணத்தால் பெரும் ஆபத்து. நான்கு ஈயப் பேட்டரிகளுக்குரிய 48 வோல்ட் சார்ஜரும் 57, 58 வோல்ட் வரை தரக்கூடியது.

இரும்பு பாஸ்பேட் வகை, நிக்கல் வகையைவிட வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும். தீப்பற்றும் வேகமும் குறைவு. ஆயினும் அது எரியவே எரியாது என்று சில விற்பனையாளர் கூறுவதை நம்ப வேண்டாம். அதிலும் எரியக்கூடிய திரவம் உண்டு. அதிலும் வாயு உண்டாகும்.

பின்னர் மல்டிமீட்டர். முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளந்து குறித்து வைத்து, ஓரிரு நாள் கழித்து மீண்டும் அளக்கிறார் நம் மெக்கானிக். எதனோடும் இணைக்காமலே அது தெளிவாகக் குறைந்திருந்தால் உள்ளே எங்கோ மின்சாரம் ஒழுகுகிறது. மொத்த அளவு மட்டும் போதாது. ஒவ்வொரு தொடர்க் குழுவின் அளவையும் பார்க்க வேண்டும். காவல் பலகையோடு கணினியையோ கைப்பேசியையோ இணைத்து இதனைப் படிக்கும் வசதி பல பேட்டரிகளில் உண்டு. நல்ல புதிய பேட்டரியில் குழுக்களுக்கிடையே வேறுபாடு ஒரு வோல்ட்டில் நூறில் சில பங்கு அளவே இருக்கும். பதினைந்து குழுக்கள் 3.9 வோல்ட்டிலும் ஒன்று மட்டும் 3.5 வோல்ட்டிலும் நின்றால் அந்த ஒன்றுதான் வருங்கால நோயாளி. இரும்பு பாஸ்பேட் வகையில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. பாதி மின்னேறிய நிலையில் எல்லாக் குழுக்களும் ஒரே அளவு காட்டி ஏமாற்றும். முழுதாக மின்னேறும் தறுவாயில்தான் வேற்றுமை வெளிப்படும்.

நீண்ட நாள் கிடந்து ஒரு செல் 2 வோல்ட்டுக்கும் கீழே போயிருந்தால் அதனை மீண்டும் எழுப்ப முயலக்கூடாது. அந்நிலையில் செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்குகிறது. மீண்டும் மின்னேற்றும்போது அச்செம்பு வேண்டாத இடங்களில் படிந்து உள்ளேயே குறுக்கிணைப்பை உண்டாக்கலாம். "செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்கிறேன்" என்று விளம்பரம் செய்வோர் பலர் இருக்கின்றனர். அந்த உயிர் யாருடைய உயிருக்கு ஈடாகும் என்பதை அவர்கள் கூறுவதில்லை.

மின்காப்புச் சோதனை இன்னொன்று. மின்முனைக்கும் உலோகப் பெட்டிக்கும் இடையே மின்சாரம் கசியக்கூடாது. உயர் மின்னழுத்த வண்டிகளுக்கான பன்னாட்டு விதி, நேர்மின்னோட்டத்தில் ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் மின்தடை வேண்டும் என்கிறது. நல்ல புதிய பேட்டரி இதனைவிடப் பன்மடங்கு அதிகம் காட்டும். இதற்கெனத் தனிக் கருவி உண்டு. அது உயர் அழுத்தத்தைச் செலுத்துவதால் நிறுவனத்தின் குறிப்பை அறியாதவர் பயன்படுத்தினால் காவல் பலகையே கருகக்கூடும்.

இறுதியாகச் சுமை கொடுத்துப் பார்த்தல். முழுமையாக மின்னேற்றி, சுமைக் கருவியில் இணைத்து, 30 ஆம்பியர் மணிப் பேட்டரியை 10 ஆம்பியர் வீதம் வடித்தால் மூன்று மணி நேரம் தாங்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் நின்றுவிட்டால் பெயர்ப்பட்டி பொய் சொல்கிறது. வடியும்போது வெப்பமானியால் பெட்டியின் பல இடங்களையும் பார்க்க வேண்டும். ஓரிடம் மட்டும் மற்ற இடங்களைவிடச் சூடேறினால் அங்கே மோசமான பற்றவைப்போ நலிந்த செல்லோ இருக்கிறது. 20 ஆம்பியர் சுமை ஏற்றியதும் மின்னழுத்தம் 2 வோல்ட் சரிந்தால் உள்மின்தடை 0.1 ஓம்; அப்போது 40 வாட் வெப்பம் பேட்டரிக்குள்ளேயே பிறக்கிறது. சாலிடர் வைக்கும் இரும்புக்கோல் ஒன்றை மூடிய பெட்டிக்குள் வைத்தது போலாகும் அது. சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் இதனை எண்ணிப் பாருங்கள்.

காவல் பலகை வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக இரு முனைகளையும் கம்பியால் தொட்டுக் காட்டும் வீரர்களும் உளர். அக்கடையை விட்டு உடனே வெளியேறுவதே முறை.

பாதி விலைப் பேட்டரி

நியூயார்க் நகரில் உணவு விநியோகம் செய்யும் உழைப்பாளிகள் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து குடியேறியவர்கள். நாள் முழுவதும் மின்சார சைக்கிள் ஓட்டிப் பிழைக்கும் அவர்களுக்கு மலிவான மாற்றுப் பேட்டரி தவிர்க்க முடியாததாயிற்று. அந்நகரில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் லித்தியம் பேட்டரிகளால் 268 தீவிபத்துகள் நேர்ந்து, 18 பேர் இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் முதல், சான்று பெறாத பேட்டரிகளை விற்பதற்கு நகர நிர்வாகம் தடை விதித்தது. பழைய பேட்டரிகளிலிருந்து பிரித்தெடுத்த செல்களைக் கொண்டு புதிய பேட்டரி கட்டுவதையும் சட்டம் தடுத்தது. ஏழையின் பிழைப்புக்கு இடையூறு என்று அங்கேயும் சிலர் முணுமுணுத்தனர். ஆனால் இறந்தவர்களும் பெரும்பாலும் எளியோரே.

பழைய செல்லில் என்ன குற்றம்? ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய செல்லும், இருபதாயிரம் ஓடிய செல்லும், வெள்ளத்தில் நனைந்த செல்லும் புதிய நெகிழி உறை போட்டுவிட்டால் பார்வைக்கு ஒன்றே. அவற்றைக் கலந்து கட்டினால் நலிந்தவை முதலில் வடிகின்றன, முதலில் நிறைகின்றன. பலமானவற்றின் பாரம் அவற்றின் மீது விழுகிறது. பற்றவைப்பும் தனிக் கலை. செல்லின் முனையில் நிக்கல் பட்டையை நொடிப்பொழுதில் ஒட்ட வேண்டும். சாலிடர் கோலை வைத்து நெடுநேரம் சுட்டால் உள்ளிருக்கும் திரைப்படலமே கெடுகிறது.

வணிகத்தில் பொருளின் குறையை மறைக்கக்கூடாது என்பதும், மறைக்கப்பட்ட குறை தெரியவந்தால் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதும் நம் ஃபிக்ஹு நூல்களில் விரிவாகப் பேசப்படுபவை. பழைய செல்லைப் புதியதென்று விற்பவர் இதனை அறியாதவராக இருக்கலாம். நாம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதில் தவறில்லை. செல் எந்த நிறுவனத்தினது, புதியதா, எந்த மாதத்தில் செய்யப்பட்டது, உத்தரவாதம் எத்தனை மாதம் ஆகியவை பில்லில் எழுதப்பட வேண்டும். எழுத மறுப்பவரிடம் வேறு எதையும் சோதிக்க வேண்டியதில்லை. மேலும், அங்கீகாரம் பெற்ற வடிவத்திலிருந்து வண்டியை மாற்றியமைத்தால் காப்பீட்டுத் தொகை கேட்கும்போது சிக்கல் எழலாம் என்பதையும் எண்ண வேண்டும்.

இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு உட்பட்ட, 250 வாட் வரையிலான சிறு வண்டிகளுக்குப் பதிவு எண் தேவையில்லை. பிள்ளைகளுக்கென்று வாங்கும் அவ்வண்டிகளில்தான் கண்டபடி பேட்டரி மாற்றப்படுகிறது என்பது என் கணிப்பு. பதிவு வேண்டாமென்றால் பாதுகாப்பும் வேண்டாமென்று பொருளன்று.

காருக்கு?

கார் வைத்திருப்போருக்குச் சில சொற்கள் போதும். அங்கே மின்னழுத்தம் முந்நூறு, நானூறு வோல்ட். தொட்டால் உயிர் போகும். காப்புக் கையுறையும் பயிற்சியும் இல்லாதவர் அதன் மூடியைத் திறக்கவே கூடாது. பேட்டரியைக் குளிர்விக்கும் திரவம் கசிகிறதா, பெட்டி காற்றுப்புகாமல் மூடியிருக்கிறதா, மின்காப்பு சரியா என்பவற்றை நிறுவனப் பணிமனையிலேயே சோதித்து அறிக்கை பெற வேண்டும். பெரிய நிறுவனமாயிற்றே, தவறு நேருமா என்று கேட்கலாம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 2021-ஆம் ஆண்டில் தன் போல்ட் வகைக் கார்கள் அனைத்தையும் திரும்ப அழைத்தது. சில செல்களில் கிழிந்த முனைத்தகடும் மடிந்த திரைப்படலமும் ஒருசேர அமைந்துவிட்டதே காரணம். பேட்டரி மாற்றித் தரும் வரை, மின்னேற்றியவுடன் காரை வீட்டுக்கு வெளியே நிறுத்துமாறும், இரவு முழுவதும் வீட்டுக்குள் மின்னேற்ற வேண்டாமென்றும் உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. குறை கண்டவுடன் திரும்ப அழைக்க ஒரு முகவரி இருந்தது என்பதே அங்கே மக்களைக் காத்தது. பின்கட்டுப் பேட்டரிக்கு அந்த முகவரி இல்லை.

பொருத்திய பின் முதல் வாரம்

முதல் மின்னேற்றத்தைக் கடையிலேயே செய்யச் சொல்லுங்கள். இயலாதெனில் பகலில், திறந்த இடத்தில், யாரேனும் விழித்திருக்கும்போது செய்யுங்கள். கை வைத்துப் பார்த்தால் இளஞ்சூடு இருப்பது இயல்பு. கையை எடுக்க வைக்கும் சூடு இயல்பன்று. வெயிலில் ஓடி வந்த வண்டியை உடனே மின்னேற்றாமல் அரை மணி நேரம் ஆறவிடுவது நல்லது. படிக்கட்டின் அடியிலோ வாசற்கதவுக்கு அருகிலோ மின்னேற்றுவது பல வீடுகளின் பழக்கம். தீப்பற்றினால் வெளியேறும் ஒரே வழியும் அடைபட்டுவிடும். தொங்கும் நீட்டிப்பு வயரும் தளர்ந்த பிளக்கும் வேண்டாம். சமையலறைக்கும் உறங்கும் அறைக்கும் பேட்டரி வரவே வேண்டாம்.

சீறும் ஒலியோ, வெண்புகையோ, அந்த இனிய நெடியோ தோன்றினால் அணைக்க முயன்று நிற்காதீர்கள். சாதாரணத் தீயணைப்புப் பொடி மேலுள்ள சுடரை அடக்கலாம். உள்ளே நடக்கும் வேதிவினையை அடக்காது. அதனைக் குளிர்விக்க மிகுதியான நீர் வேண்டும். அது தீயணைப்புத் துறையினரின் பணி. வீட்டிலுள்ள அனைவரையும் வெளியேற்றி, கதவைச் சாத்தி, 101 அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும். அணைந்துவிட்டதாகத் தோன்றிய பேட்டரி பல மணி நேரம் கழித்தும் மீண்டும் பற்றுவதுண்டு. ஆகவே அதனைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டு வரலாகாது.

கழற்றிய பழைய பேட்டரியைப் பரணில் போட்டு வைப்பதும், இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதும் கூடாது. ஒன்றிய அரசின் 2022-ஆம் ஆண்டு மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன் முடிந்த பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது. புதியது வாங்கும் இடத்திலேயே பழையதை ஒப்படைத்து, அதன் வரிசை எண்ணுடன் ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். கொண்டு செல்லும்போது இரு முனைகளிலும் மின்காப்பு நாடாவைச் சுற்றி, சாவிக்கொத்து, நாணயம் போன்ற உலோகப் பொருள் எதுவும் இல்லாத பெட்டியில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும்.